பதினேழாவது வளைவில் மாசாணியம்மாள்

பயப்படுவதையே வேலையாகச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் மாசாணியம்மாள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை அவர் பொறுப்பு. பொறுப்பு என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சாலைப் பணியாளர். ரோட்டோரக் கால்வாயில் அடைத்த மண்ணை மம்முட்டியால் வாரி வெளியே கொட்டுவது, விழுந்த கிளையை வெட்டி இழுத்துப் போடுவது, பள்ளத்தில் கல் நிரப்புவது, இவ்வளவுதான். புடவைக்கு மேல் ஒரு ஆரஞ்சு நிறச் சட்டை. மழை வந்தால் யூரியா சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொள்வார்.

நான் நஞ்சுண்டன். வால்பாறையில் கணக்கு வாத்தியார், வீடு சூலூரில். வாரம் முழுக்க மேலே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கி, திங்கட்கிழமை காலை பொள்ளாச்சியில் முதல் பஸ் பிடித்து ஏறுவேன். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. நானும் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் என் பயம் ஒன்றுக்கும் உதவாத பயம். சன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிற பயம். மாசாணியம்மாளின் பயம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

எங்களுக்கு அறிமுகம் ஆனது ஒரு பஸ் நின்றுபோன நாளில். பதினாறாவது வளைவு தாண்டி வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது. மாற்று வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். இறங்கிய நாங்கள் நிழல் பார்த்து ஒரு பெரிய பாறைக்கு அடியில் நின்றோம். எங்கிருந்தோ இந்த அம்மாள் ஓடி வந்தார். இங்கே நிற்க வேண்டாம், வெயிலானாலும் பரவாயில்லை, அந்தப் பக்கம் போய்விடுங்கள் என்று கெஞ்சினார். எல்லோரும் சிரித்தார்கள். நூறு வருஷமாக அங்கேயே இருக்கிற பாறை இன்றைக்கா விழப்போகிறது என்று கண்டக்டர் கேட்டார்.

"என்னைக்கோ ஒரு நாள்தானுங்க விழுகும். அது இன்னைக்கு இல்லீன்னு யாருங்க சொன்னது?" என்றார் மாசாணியம்மாள்.

நான் கணக்கு வாத்தியார். அந்தப் பதிலில் எனக்குக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஒருவன் மட்டும் வெயிலுக்குப் போனேன். பாறை விழவில்லை. இன்று வரைக்கும் விழவில்லை.

அன்றைக்குப் பேச்சுக் கொடுத்ததில், அவர் மகள் சண்முகப்ரியா சூலூரில் ஒரு நூல் மில்லில் வேலை செய்துகொண்டு அங்கேயே விடுதியில் தங்கியிருப்பது தெரிந்தது. அதிலிருந்து நான் தபால்காரன் ஆனேன். வெள்ளிக்கிழமை அம்மா கொடுக்கும் பை கீழே போகும், திங்கட்கிழமை மகள் கொடுக்கும் பை மேலே வரும். பஸ் வளைவில் மெதுவாகத் திரும்பும்போது சன்னல் வழியாகக் கை மாறும். சம்பள வாரத்தில் வால்பாறைக்குச் சாமான் வாங்க வந்தால் பள்ளிக்கூட வாசலில் சற்று நேரம் நின்று பேசிவிட்டுப் போவார். அப்படித்தான் அவர் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது.

பிறந்தது ஆனைமலைக்குப் பக்கத்தில். அப்பனும் ஆத்தாளும் தென்னந்தோப்பில் கூலி வேலை. பத்தொன்பது வயதில் சுப்பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சுப்பையன்தான் முதலில் இந்த ரோட்டு வேலையில் இருந்தவர். அவரை மலை ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் காமாலை கொண்டுபோனது. வேலையை மனைவிக்குக் கொடுத்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. மம்முட்டி பிடிப்பதில் மாசாணியம்மாளுக்குப் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்கவில்லை. மலைதான் புதிது.

முதல் வருஷம் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாராம். மழையில் நனைந்துகொண்டே கால்வாய் வெட்டுவாராம், பாறைக்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்பாராம். இரண்டாம் வருஷம் ஆடி மாத மழையில்தான் அது நடந்தது. ரோட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் குறுக்கே போவதற்குச் சின்னச் சின்னப் பாலங்கள் இருக்கும். ஒரு காலை மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரு பாலத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. முந்தின நாள் அவர்தான் அதைச் சுத்தம் செய்திருந்தார். அதனால் அடைப்பு இருக்க வழியில்லை. என்ன இது என்று மேலே பார்த்தார். சரிவில் இருந்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தன.

"ஒண்ணுகூடச் சாயலீங்க சார்," என்றார் என்னிடம். "நின்னமேனிக்கே நடந்து வருதுங்க. அடியில இருக்கற மண்ணு மொத்தமா வழுக்கிட்டு வருது, மரத்துக்குத் தெரியவே இல்லீங்க."

அவர் ஓடித் தப்பினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு விஷயத்தை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். மழை பெய்யும்போது பாலத்தில் தண்ணீர் ஓடினால் பயமில்லை. சிவப்பாக ஓடினால் கொஞ்சம் பயம். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், மேலே எங்கேயோ மலை அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வயிறு நிறைந்ததும் மொத்தமாகக் கீழே விடும்.

அதற்குப் பிறகு அவர் காதால்தான் வேலை செய்தார். மழை நாளில் பாலம் பாலமாக நடப்பார். ஒவ்வொன்றிலும் குனிந்து கேட்பார். தண்ணீர்ச் சத்தம் இருந்தால் அடுத்ததற்குப் போவார். லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள்: பாலத்துக்குக் காய்ச்சலா, மாத்திரை கொடுத்தாச்சா? அவர் பாட்டுக்கு அடுத்த பாலத்தில் குனிவார். இராத்திரி மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வருவதில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மழையைவிட, மழை பெய்யும்போது கேட்காமல் போகிற சத்தம்தான் பயமாம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் சில நாள் தூக்கம் வரவில்லை. ஆனால் நான் வால்பாறை அறையில் போர்வைக்குள் பயந்தேன். அவர் எழுந்து போய்ப் பார்த்தார்.

போன வருஷம் ஆனி மாதம் பதினேழாவது வளைவுக்குக் கீழே உள்ள பாலத்தில் தண்ணீர் நின்றது. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றுவிட்டார். ஒன்றரை மணி நேரம் ஒரு வண்டியையும் விடவில்லை. கீழே அறுபது வண்டி, மேலே நாற்பது வண்டி. அதில் ஒரு பெரிய மனிதரின் கார். காலை வெயில் வந்தது, தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பித்தது, மலை அசையவே இல்லை. பெரிய மனிதர் போனில் யாரிடமோ பேசினார். நான்காம் நாள் ஆபீசிலிருந்து மெமோ வந்தது. யாருடைய அனுமதியின் பேரில் போக்குவரத்தை நிறுத்தினீர், ஏழு நாளைக்குள் விளக்கம் தேவை.

மெமோவைப் பாலிதீன் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். மண்சரிவிலிருந்து தப்பி ஓடிய கதையைச் சொன்னபோதுகூட அவர் இவ்வளவு பயந்து நான் பார்க்கவில்லை. வேலை போய்விட்டால் மகளுக்குக் கல்யாணம் காட்சி எப்படி என்று கேட்டார். நான் உடனே எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதுவேன் என்று எனக்குப் பெருமை வேறு. 'அறியாமையால் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்.'

அதோடு விட்டிருக்கலாம். வாத்தியார் அல்லவா, அறிவுரை சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த முறை தண்ணீர் நின்றால் வண்டியை நிறுத்த வேண்டாம், ஆபீசுக்குப் போன் செய்துவிடுங்கள், ரோட்டில் தழையை வெட்டிப் போட்டு வையுங்கள், எச்சரித்த மாதிரியும் ஆகும், நிறுத்தின பழியும் வராது என்றேன்.

இந்தத் தழை விஷயத்தை மலையில் வண்டி ஓட்டாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். வளைவில் லாரி பழுதாகி நின்றால் டிரைவர் பக்கத்துச் செடியில் நாலு கிளையை ஒடித்து, வண்டிக்கு இருபது முப்பது அடி பின்னால் ரோட்டில் போட்டுவைப்பார். தழையைப் பார்த்த அடுத்த வண்டிக்காரர், முன்னால் ஏதோ நிற்கிறது என்று புரிந்துகொண்டு, மலையோரத்தை விட்டு விலகிப் பள்ளத்து ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவார். வேறு அர்த்தமே அதற்குக் கிடையாது.

மாசாணியம்மாள் இதைத்தான் சொன்னார். "தழை போட்டா லாரி நிக்குதுன்னுதானுங்களே நெனைப்பாங்க? வெளி ஓரமா ஏறிப் போவாங்களே சார். அந்த ஓரந்தானுங்க மொதல்ல போகும்."

"மெதுவாப் போவாங்களில்லீங்க. அது போதும்," என்றேன்.

அது போதாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் உள்ளுக்குள் தெரியும். ஆனால் மேசையில் மெமோ இருந்தது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஆடி பிறந்த இரண்டாவது திங்கட்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. பஸ் பொள்ளாச்சியில் கிளம்பும்போதே பாதி இருட்டு. ஆழியாறு தாண்டியதும் மூட்டம் இறங்கிவிட்டது. டிரைவர் அருண்குமார் சின்ன வயது, ஆனால் நிதானமான கை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, கேட்டு, திருப்பினார். நான் வழக்கம்போலச் சன்னலோரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் சண்முகப்ரியா கொடுத்துவிட்ட பை. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் என்று சொன்னாள்.

பதினாறாவது வளைவு திரும்பிக் கொஞ்சத் தூரம் போனதும் ரோட்டில் தழை கிடந்தது. புதிதாக வெட்டியது. ஒரே சீராக, அருவாளால் வெட்டிய கிளைகள். லாரிக்காரன் கையால் ஒடித்துப் போடுகிற மாதிரி இல்லை.

அந்த பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். அந்தத் தழைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அருண்குமார், எவனோ நிக்கறான் போல என்று சொல்லிக்கொண்டே, ஸ்டியரிங்கைச் சுற்றி வண்டியைப் பள்ளத்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஒருவேளை உண்மையிலேயே லாரி நின்றால்? பஸ் முழுக்கச் சிரிப்பார்களே, வாத்தியார் தழையைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று வால்பாறை வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்களே. இவ்வளவுதான் என் யோசனை. உயிர் போகிற இடத்தில் ஒரு மனிதனுக்கு இதுதான் தோன்றுமா என்று கேட்டால், எனக்குத் தோன்றியது. நான் பேசாமல் இருந்தேன்.

மூட்டத்துக்குள்ளிருந்து மாசாணியம்மாள் ஓடி வந்தார். கையில் கொடி இல்லை. போன வருஷத்துக்குப் பிறகு கொடியைச் சாமான் கொட்டகையிலேயே வைத்துப் பூட்டிவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசிக்கொண்டு பஸ்ஸுக்கு நேராக வந்தார். அருண்குமார் பிரேக் அடித்தார். வண்டி வழுக்கி, போன வருஷம் தண்ணீர் நின்ற அதே பாலத்துக்கு முப்பதடி முன்னால் நின்றது.

கண்டக்டர் இறங்கினார், பின்னாலேயே பத்துப் பேர். நானும் இறங்கினேன். வண்டி எங்கே நிற்கிறது, எதற்குத் தழை என்று அருண்குமார் கேட்டார். வண்டி ஒன்றும் இல்லை, பாலத்தில் தண்ணீர் நின்றுவிட்டது, கால் மணி நேரம் ஆகிறது, போனில் சிக்னல் இல்லை என்றார் மாசாணியம்மாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் நின்றால் நல்லதுதானே என்று ஒருவர் கேட்டார். எஸ்டேட் ஆபீசுக்குப் போகிறவர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். மழை எங்கள் எல்லோர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பாலத்தின் பக்கம் காதைக் கொடுத்தேன். அவர் சொன்னது சரி. மலையெல்லாம் தண்ணீர்ச் சத்தம், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

அப்போது பின்னால் ஹாரன் கேட்டது. அஃபானின் ஜீப். பொள்ளாச்சி மார்க்கெட்டிலிருந்து தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டு மேலே போகிற பையன். இருபத்தாறு வயதிருக்கும். பஸ் கிடைக்காத நாளில் என்னை எத்தனையோ முறை தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்து ஏற்றிப் போயிருக்கிறான். பஸ் நிற்பதையும் தழையையும் பார்த்துவிட்டு, பஸ்தான் பழுது என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்து இடைவெளியில் நுழைந்து ஹாரன் அடித்தான். மாசாணியம்மாள் பஸ்ஸுக்கு முன்னால் நின்றவர், ஹாரன் கேட்டதும் இரண்டடி ஒதுங்கினார். பதினாலு வருஷமாக ரோட்டில் நின்று வேலை செய்கிறவர். ஹாரன் கேட்டால் கால் தானாக ஒதுங்கும். அஃபான் என்னைப் பார்த்துச் சிரித்து, கையை வெளியே நீட்டிக் காட்டினான். ஜீப் பாலத்தைத் தாண்டி மூட்டத்துக்குள் போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை.

அதோடு மாசாணியம்மாள் பேச்சு செல்லாமல் போனது. ஜீப் போச்சே, பார்த்தீங்களா என்றார் கண்டக்டர். எல்லோரையும் ஏறச் சொன்னார். அருண்குமார் எஞ்சினைக் கிளப்பினார். மாசாணியம்மாள் ஒரு நிமிஷம் எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு சட்டையை விரித்து, பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு நேராக ரோட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்குள் சிரிப்புச் சத்தம். ஆனைமலைக் கோயிலில் இவர் பெயருள்ள அம்மன் படுத்த கோலத்தில்தான் இருக்கிறாள். பேருக்கேத்த மாதிரி படுத்துட்டா பாரு என்று யாரோ சொன்னார்கள். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, சார், உங்களுக்குத் தெரிஞ்ச அம்மாதானே, நீங்க சொல்லி எந்திரிக்க வையுங்க என்றார்.

நான் போய்ப் பக்கத்தில் குனிந்தேன். முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. கண்ணை மூடவில்லை.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க," என்றார். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

நான் எழுந்து, ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன். அதைக்கூட உரக்கச் சொல்லவில்லை. இந்த அம்மாள் சொல்வது உண்மை, எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. யாருக்கும் பொல்லாப்பு இல்லாத ஒரு வாக்கியம். வாத்தியார் சொல்கிறாரே என்று அருண்குமார் எஞ்சினை அணைத்தார்.

அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. முதலில் வாசனை வந்தது, புதிதாக உழுத மண்ணின் வாசனை. அதற்குப் பிறகு காலுக்கு அடியில் ரோடு நடுங்கியது. மாசாணியம்மாள் எழுந்து, பின்னால எடுங்க, வெசையா எடுங்க என்று அலறினார். அருண்குமார் கையைப் பாராட்ட வேண்டும். அந்த மூட்டத்தில், இறங்கின எங்களைத் தள்ளிக்கொண்டு போகாமல், நேராகப் பின்னால் எடுத்தார். நாங்கள் ஓடினோம். பத்து லாரி ஜல்லியை ஒரே நேரத்தில் கொட்டுகிற சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். மூட்டத்துக்குள் மரங்கள் இறங்கி வந்தன. நின்றபடியே வந்தன. அவர் சொன்னது அப்படியே உண்மை. பாலமும், பஸ் நின்ற இடமும், அதற்கு அந்தப் பக்கம் ரோடும் போய்விட்டன. நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபதடிக்கு அப்பால் ரோடே இல்லை.

சத்தம் அடங்கியதும் ஆளுக்கு ஆள் அழுதார்கள். சிரித்தவர்கள் மாசாணியம்மாள் காலைத் தொட்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. மேலே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஜீப்பு இப்ப எங்க சார் போயிட்டிருக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலைப்பாதை நேராக ஏறுவதில்லை. பதினேழாவது வளைவில் திரும்பினால் ரோடு நம் தலைக்கு மேலேயே திரும்பி வரும். எங்கள் முன்னால் இறங்கிய மண் அந்த ரோட்டைத் தாண்டித்தான் இறங்கியிருக்க வேண்டும். அஃபான் எந்த வளைவிலும் ஹாரன் அடிக்காமல் போகமாட்டான். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் காது கொடுத்தோம். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

ஜீப்பை எடுக்க இரண்டு நாள் ஆனது.

பேப்பரில் மாசாணியம்மாள் படம் வந்தது. முன்னெச்சரிக்கையாகத் தழை வைத்து, பஸ்ஸை நிறுத்தி நாற்பத்திரண்டு உயிரைக் காத்த வீரப்பெண் என்று போட்டிருந்தார்கள். மெமோ கொடுத்த அதே ஆபீசில் சால்வை போட்டார்கள். சால்வையோடு நிற்கிற அந்தப் படத்தில் அவர் முகம் சால்வை வாங்குகிற முகமாக இல்லை. மெமோ வாங்கிய அன்றைக்கு இருந்த முகம்.

மூன்று வாரம் கழித்து ரோட்டை ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஐம்பது வயதுள்ள ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலையில் துப்பட்டா. பதினேழாவது வளைவு வந்தால் சொல்லுங்க தம்பி என்றார். அஃபானின் அம்மா. நான் என் பெயரைச் சொன்னேன், வாத்தியார் என்றேன், அவ்வளவுதான். அவரோடு நானும் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லவும் இல்லை.

மாசாணியம்மாள் புதிதாகப் போட்ட மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இப்போதெல்லாம் சிவப்புக் கொடி இடுப்பிலேயே சொருகியிருக்கிறது. யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் மம்முட்டி கையிலிருந்து நழுவியது. இந்தச் சந்திப்புக்கு அவர் மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் சரிவை ரொம்ப நேரம் பார்த்தார். அழவில்லை. ஜீப்பை எடுத்தபோது அது கீழ்நோக்கித் திரும்பியிருந்தது என்று எடுத்தவர்கள் சொன்னார்களாம். அதைத்தான் கேட்க வந்தார்.

"மேல போறவன் எதுக்குமா வண்டியத் திருப்புனான்? எதையாச்சும் உட்டுட்டுப் போனானா?"

"இல்லீங்கம்மா," என்றார் மாசாணியம்மாள். "மேல ரோடு வெடிச்சிருந்ததப் பாத்திருப்பாருங்க. நாங்க கீழ நிக்கறமேன்னு எங்களுக்குச் சொல்லறதுக்குத்தான் திரும்பியிருப்பாரு. வேற எதுக்குங்க?"

"என்ற பையன் உங்களப் பாத்தானா?"

"பாத்தாருங்க. ஹாரன் அடிச்சாரு. நான் ஒதுங்கி வழி உட்டேனுங்க." அதைச் சொன்னபோது மாசாணியம்மாள் குரல் உடையவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. "நான் உட்டிருக்கக் கூடாதுங்க. கொடி எடுத்துட்டு வந்திருக்கோணும். மெமோவுக்குப் பயந்துட்டுத் தழை போட்டேன். தப்பு எம்மேலதானுங்க."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, சாரும் அன்னைக்கு அந்த பஸ்ஸிலதான் வந்தீங்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாசாணியம்மாள் முந்திக்கொண்டார். "சாருக்கு ஒண்ணுந் தெரியாதுங்கம்மா. அவரு பாட்டுக்குப் பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்தாரு."

அந்த அம்மாள் தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் பேசாமல் நின்றிருந்தால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயிருப்பேன். எனக்கு அது நன்றாகப் பழக்கமான காரியம்.

"இல்லீங்க," என்றேன். "எனக்குத் தெரியுமுங்க. தழை போடச் சொன்னதே நாந்தானுங்க. பஸ்ஸுக்குள்ள இருந்து அதைப் பாத்தேன், வாயத் தொறக்கல. உங்க பையன் என்னப் பாத்துக் கை காட்டுனாரு. நிறுத்துன்னு சொல்லலீங்க. நானும் கை காட்டுனேன்."